ஆடுகிறவர்களின் குரல்
2015 நவம்பரில் மிசூரி பல்கலைக்கழகத்தில் இனவெறிக்கு எதிராக ஒரு மாணவர் உண்ணாவிரதம் இருந்தபோது, அங்குள்ள மாணவர்களின் அமெரிக்கக் கால்பந்து அணியின் கறுப்பின வீரர்கள், பல்கலைக்கழகத் தலைவர் டிம் வுல்ஃப் விலகும்வரை களமிறங்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். இரண்டே நாளில் அவர் விலகினார். வீரர்களும் பயிற்சியாளர் கேரி பிங்கலும் கைகோத்து நின்ற படம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அடுத்த ஆட்டத்தைக் கைவிட்டிருந்தால் பல்கலைக்கழகம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டியிருந்திருக்கும். அந்தப் பலத்தை வீரர்கள் தெரிந்தே பயன்படுத்தினார்கள், அது சரியென்றே நான் நினைக்கிறேன்.

விளையாட்டில் அரசியல் எதற்கு என்று கேட்கும் ரசிகர்கள், தொலைக்காட்சிப் பணத்துக்காக 2024இல் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் மோதும் பிக் டென் கூட்டமைப்பு 18 அணிகளாக விரிந்ததையும் அரசியலாகவே பார்க்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூ ஜெர்சிவரை பறந்து ஆடப்போகும் மாணவர்களுக்கு அந்த முடிவில் ஒரு வாக்குகூட இருக்கவில்லை.