ஒற்றைத் தோட்டா துப்பாக்கியோடு வெளியே போகிறவர்களுக்கு

நடுவில் மடித்துத் திறக்கும் ஒற்றைத் தோட்டா ஷாட்கன்னில் எனக்குப் பிடித்ததே அந்த மடிப்புதான். நடக்கும்போது தோட்டாவை எடுத்துவிட்டுத் திறந்தே கையில் போட்டுக்கொள்ளுங்கள். சுடாது என்பது கூட வருபவருக்கும் பார்த்தாலே தெரியும். வேலி தாண்டும்போதும் வாய்க்கால் தாண்டும்போதும் அப்படியே. விழுந்து எழுந்தால் முதலில் குழலுக்குள் பாருங்கள். கொஞ்சம் சேறு அடைத்திருந்தாலும் சுடும்போது குழல் வெடிக்கலாம்.

பலர் அசட்டை செய்வது, வேறு வேறு அளவுத் தோட்டாக்கள் கலந்துபோவதை. கேஜ் என்பது குழல் விட்டத்தின் அளவு, எண் கூடினால் விட்டம் குறையும். அதனால் 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப்போய் கொஞ்சம் உள்ளே சிக்கிக்கொள்ளும். காலியென்று நினைத்துப் பின்னால் 12 கேஜ் போட்டுச் சுட்டால், குழல் வெடித்து, அதைத் தாங்கிப் பிடித்த கையே போய்விடலாம். 20 கேஜ் தோட்டாக்கள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் வருவது இதற்காகத்தான். இரண்டு அளவும் ஒரே பையில் இருக்கவே கூடாது.

வெளியே சுத்தி உள்ள மாடலா? சுடும் நொடியில் மட்டும் அதைப் பின்னுக்கு இழுங்கள். இழுத்த சுத்தியைச் சுடாமல் ஈரக்கையில் மெல்ல இறக்குவது ஆபத்து, வழுக்கும்.

இந்தத் துப்பாக்கிக்கு எடை குறைவு, அதனால் சுடும்போது உதை அதிகம். துப்பாக்கியின் பின்கட்டையைத் தோளில் நன்றாக அழுத்திப் பிடியுங்கள், அப்புறம் லேசான தோட்டாவே போதும். சாதாரண ரவைக்கு (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) இரை 30 மீட்டருக்குள் வந்தால் சுடலாம். இல்லையா, விட்டுவிடுங்கள்.