சிமெண்டைக் கொத்தி எடுத்த நாட்கள்

பவளப்பாறையிலிருந்து வெட்டிய முருகைக்கல்லால் கட்டிய பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது கடல்தான் எதிரி என்று நினைத்திருந்தேன். உப்புக்காற்றும் மழையும் அரித்துத் தின்னும் என்று கணக்கு. முதல் சுவரிலேயே கணக்கு மாறிவிட்டது. யாரோ நல்ல மனதோடு பூசிவிட்டுப் போன சிமெண்ட்தான் கல்லைத் தின்றுகொண்டிருந்தது.

பார்க்க வழுவழுவென்று நன்றாகத்தான் இருந்தது. விரலை மடக்கித் தட்டினால் காலிப் பானைச் சத்தம். உளியை வைத்து லேசாக நெம்பினேன். ஒரு முழத் துண்டு கையோடு வந்தது. பின்னாலிருந்து ஈரமான வெள்ளைத் தூள் காலில் கொட்டியது. அந்தத் தூள்தான் கல்.

முருகைக்கல் உடம்பெல்லாம் நுண்துளை. தரையின் ஈரம் உப்போடு மேலேறும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் ஈரம் வெளியேறிவிடும், உப்பு பூச்சிலேயே பூக்கும், உதிர்வதும் பூச்சுதான். சிமெண்ட் வழியை அடைத்துவிட்டால் உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை உடைக்கும்.

புதுக் கல்லுக்கும் வழியில்லை. மாலத்தீவில் 1658-இல் கட்டிய மாலே வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலில் சாந்தே இல்லாமல் கல்லோடு கல்லைக் கோத்திருக்கிறார்கள். பாறையிலிருந்து ஈரமாக வெட்டும்போது கல் மென்மையாக இருக்கும், காய்ந்தால் இறுகும். இன்று உயிருள்ள பவளப்பாறையில் யார் கைவைப்பது? அதனால் விழுந்த கல்லுக்கெல்லாம் எண் போட்டு அடுக்கிவைப்போம்.

தான்சானியாவின் சான்சிபார் தீவில், ஸ்டோன் டவுன் என்ற பழைய நகரில் 1883-இல் முருகைக்கல்லால் எழுந்த 'அதிசய மாளிகை'யின் ஒரு பகுதி, சீரமைப்பு நடக்கும்போதே 2020 டிசம்பர் 25 அன்று சரிந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். அதற்கப்புறம் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் மாடி ஏறி மழைநீர் போகும் வழியைத்தான் பார்க்கிறேன். இப்படிப்பட்ட தடித்த சுவரின் நடுவே கல்சில்லும் சாந்தும்தான். மேலிருந்து தண்ணீர் இறங்கினால் வெளியே தெரியாமல் உள்ளே கரையும்.

இவ்வளவும் தெரிந்த நானே ஒருமுறை தப்பு செய்தேன். மழைக்காலம் நெருங்கியது. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து மெல்லத்தான் இறுகும், ஒப்பந்தத் தேதியோ காத்திருக்காது. கலவையில் இரண்டு சட்டி சிமெண்ட் போடச் சொன்னேன். வயதான கொத்தனார் என்னைப் பார்த்தார். "உங்க இஷ்டம் தம்பி" என்றார், அவ்வளவுதான்.

அடுத்த வருடம் அதே சுவருக்குப் போனோம். அவர் கரணைக் காம்பால் தட்டிக்கொண்டே நடந்தார். நான் செய்த இடம் வந்ததும் சத்தம் மாறியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, உளியை என்னிடம் நீட்டினார்.