பெட்டிக்குள் ஒரே பலகையான 40 படங்கள்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீட்டில் கிடந்த பழைய குடும்பப் புகைப்படங்களை ஸ்கேன் செய்து, படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) வரும் பங்காளிகளுக்குக் கொடுக்கலாம் என்று, இங்க்ஜெட் பிரிண்டரில் பளபளப்பான போட்டோ பேப்பரில் 40 படங்களை ஐப்பசி அடைமழையில் ஒரே நாளில் அச்சிட்டேன். தொட்டுப் பார்த்தேன், விரலில் மை ஒட்டவில்லை. அன்று மாலையே அவற்றை அடுக்கி, பாலித்தீன் உறையில் இட்டு, இரும்புப் பெட்டியில் கனத்த கல்யாண ஆல்பத்தின் அடியில் வைத்தேன். மார்கழியில் எடுத்தபோது அடுக்கு முழுவதும் ஒரே பலகையாக இருந்தது. அய்யாவின் படத்தை மூலையில் நகம் கொடுத்து மெல்ல நெம்பியதும், ‘சர்’ என்ற ஓசையோடு அவருடைய தோள் மேலே இருந்த படத்தின் முதுகோடு போய்விட, அந்த இடத்தில் வெள்ளைத் தாள் தெரிந்தது.

அப்பளம் அடுக்கும்போது அப்பத்தா சொல்வது நினைவுக்கு வந்தது: “மேல காஞ்சாப்ல இருக்கும், உள்ள ஈரங் கெடக்கும்.”

சாதாரணத் தாளில் மையின் ஈரம் நாருக்குள் இறங்கிவிடும். இவ்வகைப் போட்டோ பேப்பரில் தாளின் இரு புறமும் பாலித்தீன் படலமும், அதன்மேல் மையை ஏற்கும் பூச்சும் இருப்பதால், ஈரம் மேல்வழியாக மட்டுமே வெளியேற முடியும். தண்ணீர் விரைவில் ஆவியாகிவிடும். ஆனால் பிரிண்டரின் நுண்துளைகள் அடைபடாமல் இருக்க மையில் சேர்க்கும் கிளிசரினும் கிளைகாலும் வெளியேற நாள் கணக்காகும். அதற்குள் உறையில் அடைத்தால் அவை உள்ளேயே தங்கிப் பூச்சை இளக்கும். ஜெலட்டின் போன்ற, ஈரத்தில் ஊதும் பூச்சாக இருந்தால் மழைக்காலக் காற்றே அதைப் பிசுபிசுக்கச் செய்யப் போதும். சிலிக்கா துகள்களாலான நுண்துளைப் பூச்சு அவ்வளவு எளிதில் ஒட்டாது. வாங்கிய தாள் எந்த வகை என்று அறிய, ஈர விரலை வெற்று ஓரத்தில் வைத்துப் பார்க்கிறேன். பிசுக்கென்று பிடித்தால் முதல் வகை.

இப்போது படங்களை ஒன்றையொன்று தொடாமல் பரப்பி ஒரு மணி நேரம் விட்டு, பிறகு ஒவ்வொன்றின் மேலும் சாதாரண ஜெராக்ஸ் தாளை ஒரு நாள் முழுவதும் வைக்கிறேன். கிளைகாலை உறிஞ்சிய தாள் அலையலையாக நெளிந்திருக்கும். நெளிவு நிற்கும்வரை தாளை மாற்றுகிறேன். இதை வளவை (திறந்த நடுமுற்றத்தை) ஒட்டிய பத்தியில் (தாழ்வாரத்தில்) செய்யக் கூடாது, சாரல் காற்று அங்கேதான் வரும். கதவடைத்து ஏசி போட்ட அறையே ஏற்றது.

அடுக்கும்போது முகத்தோடு முகம் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் இடையில் அமிலமற்ற டிஷ்யூ தாள் வைக்கிறேன். பிவிசி உறைகளை ஒதுக்கிவிட்டேன். வழவழப்பான பிளாஸ்டிக் தாளும் ஈரத்தில் அழுந்தினால் படத்தில் திட்டுத்திட்டாகப் பளபளப்பை விட்டுவிடும். பெட்டிக்குள் காற்றின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று சிலிக்கா ஜெல் வைத்திருக்கிறேன். அதன் ஆரஞ்சு நிறம் பச்சையானால் சூடாக்கி உலர்த்த வேண்டும். மேலே எந்தப் பாரமும் ஏற்றுவதில்லை.

ஒட்டியவற்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கலாம் என்று உறவினர் ஒருவர் சொன்னார். பழைய ஸ்டூடியோ படங்கள் சிலவற்றுக்கு அது பொருந்தும். இங்க்ஜெட் சாய மையோ கரைந்து ஓடிவிடும். கோப்புகள் கையில் இருந்ததால் தை மாதத்தில் மீண்டும் அச்சிட்டேன். வாங்கிச் சென்ற பங்காளிகளிடம், சட்டம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் நடுவில் திறப்பு வெட்டிய மவுன்ட் அட்டை வைக்கச் சொன்னேன். கண்ணாடியிலும் இதே போல் ஒட்டிக்கொள்ளும்.