மலைநம்பிக்கு நடந்தே போங்க

பிள்ளைகளோடு காட்டுக்குள் நடக்க திருநெல்வேலிப் பக்கம் எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது திருக்குறுங்குடி மலைநம்பி கோயில் பாதைதான். ஜீப் போகிற தடம், வழி தப்பாது, ஆனால் அந்த ஜீப்பில் ஏறினால் எலும்பெல்லாம் கழன்றுவிடும், அதனால் மெதுவாக நடந்தே ஏறுங்கள். இந்தப் பாதை இருப்பது களக்காடு முண்டந்துறைக் காட்டில், 1988இல் அறிவித்த தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம் அது, அதனால் பிளாஸ்டிக் பையெல்லாம் வேண்டாம். தூக்குச்சட்டியில் புளிச்சோறு போதும், ஆனால் குரங்கு கண்ணில் படாமல் திறக்கணும்: போன தடவை ஒன்று மூடியைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறி, அதை நக்கிக்கொண்டே எங்களைப் பார்த்தது. மேலே நம்பியாற்றில் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், பாறை வழுக்கும், சின்னதுகள் கையை விடாதீர்கள். புரட்டாசி சனிக்கிழமை கூட்டம், அப்போது வேண்டாம். அப்புறம், மழை வலுத்தால் உள்ளே விடமாட்டார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.