கவுன்டியிலிருந்து டவுனுக்கு

வர்ஜீனியாவில் எங்கள் வீட்டு முகவரியில் கிளென் ஆலன் என்று ஊர்ப் பெயர் இருக்கும். ஆனால் அந்த ஊருக்கு மேயரும் இல்லை, கவுன்சிலும் இல்லை. தபாலுக்கு ஒரு பெயர், அவ்வளவுதான். பள்ளிக்கூடம், போலீஸ், தண்ணீர் பில் எல்லாம் ஹென்ரைக்கோ கவுன்டி, அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரியான நிர்வாகப் பிரிவு. பக்கத்திலேயே இருக்கும் ரிச்மண்ட், எந்தக் கவுன்டியிலும் சேராத தனி நகரம்.

வேலை மாறி மாசசூசெட்ஸில், பாஸ்டனுக்கு மேற்கே குடிவந்தால் எல்லாம் தலைகீழ். இங்கே மிடில்செக்ஸ் கவுன்டியின் நிர்வாகத்தையே 1997-ல் கலைத்துவிட்டார்கள். பள்ளி, நூலகம், நாய் வளர்க்க லைசென்ஸ் வரை டவுன்தான். தெருவைத் தாண்டினால் வேறு டவுன் என்றால் பிள்ளைகளுக்குப் பள்ளியும் வேறு, வரியும் வேறு. வீட்டு விலை கூட மாறிவிடும்.

இந்த வித்தியாசத்துக்கு வயது கிட்டத்தட்ட நானூறு. வர்ஜீனியாவை முதன்முதலில் எட்டுக் கவுன்டிகளாகப் பிரித்தது 1634-ல். அந்த எட்டில் ஹென்ரைக்கோவும் ஒன்று. அங்கே புகையிலைதான் பணம். சில வருடங்களிலேயே மண் செத்துவிடும் என்பதால் புது நிலம் வேண்டும். பண்ணைகள் ஜேம்ஸ் ஆற்றோரமாகத் தள்ளித் தள்ளி அமைந்தன. கப்பல் நேராகப் பண்ணைத் துறைக்கே வந்து சரக்கேற்றிப் போனது. அப்புறம் ஊர் எதற்கு, கடைத்தெரு எதற்கு? வழக்கோ வரியோ, மாதம் ஒருமுறை கூடும் கவுன்டி கோர்ட்டில் முடிந்துவிடும். அதில் உட்கார்ந்திருந்தவர்களும் பெரிய பண்ணைக்காரர்களே. ரிச்மண்டிலிருந்து ரூட் 5-ல் கிழக்கே போனால் சார்லஸ் சிட்டி கவுன்டி வரும். பெயரில்தான் சிட்டி, வழி நெடுக வயலும் காடும் பழைய பண்ணை மாளிகைகளும்தான்.

மாசசூசெட்ஸுக்கு 1630-லிருந்து வந்த பியூரிட்டன்கள், அதாவது இங்கிலாந்தின் கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர், குடும்பம் குடும்பமாக, சபை சபையாக வந்தவர்கள். நிலம் பெரும்பாலும் குழுவுக்கே டவுனாக வழங்கப்பட்டது. நடுவில் வழிபாட்டுக்கும் கூட்டத்துக்கும் ஒரே கட்டடம், சுற்றி வீடுகள். 50 குடும்பம் சேர்ந்த டவுன் எழுதப் படிக்கச் சொல்லித்தர ஒருவரை வைக்க வேண்டும் என்று 1647-லேயே சட்டம். வர்ஜீனியா கவர்னர் பெர்க்லியோ 1671-ல், இங்கே இலவசப் பள்ளிகளும் இல்லை, அச்சகமும் இல்லை என்று கடவுளுக்கு நன்றி சொன்னார்.

இதை வைத்து இங்கே சிலர் தங்கள் முன்னோர் புகழ் பாடுவார்கள். எனக்கு அது பாதிதான் உண்மை. கல்லும் குளிருமான இந்த மண்ணில் புகையிலை பெரிதாக விளைந்திருந்தால் பியூரிட்டன்களும் சிதறித்தான் போயிருப்பார்கள். தவிர, அடிமை முறைக்கு 1641-லேயே சட்டத்தில் இடம் கொடுத்தது மாசசூசெட்ஸ்தான்.

வந்தேறிகளை நடத்திய விதம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மாசசூசெட்ஸும் சேர்ந்த நியூ இங்கிலாந்துப் பகுதி டவுன்களில் புதிதாக வந்த ஏழையை, ஊருக்குப் பாரமாகிவிடுவான் என்று கிளம்பச் சொல்லி நோட்டீஸ் கொடுப்பது வழக்கம். வர்ஜீனியாவுக்கோ ஆள் தேவை. கப்பல் கூலி கொடுத்து ஒரு ஆளைக் கொண்டுவந்தால் 50 ஏக்கர். நிலம் கூலி கொடுத்தவருக்கு, வந்தவருக்கு அல்ல. 1635-ல் ஜார்ஜ் மெனிஃபி என்பவர் காட்டிய ஆள் கணக்கில் 'டோனி, கிழக்கிந்தியர்' என்று ஒரு பெயர் உண்டு. கன்சல்டன்சி மூலம் விசாவில் வந்த எவருக்கும் அந்த ஏற்பாடு அடியோடு அந்நியமாகத் தோன்றாது.

போன வசந்தத்தில் டவுன்காரர்களே கூடி ஓட்டுப் போட்டு முடிவெடுக்கும் எங்கள் டவுன் மீட்டிங்கை வேடிக்கை பார்க்கப் போனேன். பள்ளி ஜிம்மில் மடக்கு நாற்காலிகள். வாக்காளர்களுக்குக் கையில் வண்ண அட்டை. கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் என் போன்றவர்களுக்கு ஓரத்தில் தனி வரிசை. ஒரு தீயணைப்பு வண்டி வாங்கலாமா என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் விவாதம். ஒரு பெரியவர் பழைய வண்டியின் டயர் நிலவரம் வரை கேட்டார். ஹென்ரைக்கோவில் கவுன்டியை நடத்தத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து சூப்பர்வைசர்கள் கையைத் தூக்கி முடித்திருப்பார்கள். மறுநாள் ஆபீஸ் இருப்பவனுக்கு அதுதான் சௌகரியம் என்று தோன்றியது. ஆனாலும் ஓட்டெடுப்பு முடியும்வரை எழுந்திருக்கவில்லை. வண்டி பாஸாகிவிட்டது.