கத்தரிச் செடியும் கடுகுல பாதி வண்டும்

மார்ச் 3
கத்தரி இலையில எல்லாம் ஊசியால குத்தின மாதிரி வெளிறின புள்ளி. சத்து பத்தலன்னு நினைச்சு ரெண்டு வாரமா உரம் வேற கூட்டி வச்சிருக்கேன். இன்னிக்குத்தான் இலையைத் திருப்பிப் பார்க்கணும்னு தோணுச்சு, நரம்போரம் மெல்லிசா நூலாம்படை. வெள்ளை பேப்பரைக் கீழ பிடிச்சு கிளையைத் தட்டினா தூசி மாதிரி விழுந்துச்சு, கொஞ்ச நேரத்துல அந்தத் தூசி நடக்க ஆரம்பிச்சிருச்சு. சிலந்திப்பேன். தழைச்சத்து ஏறின இலைன்னா அதுக்கு இன்னும் கொண்டாட்டம், ஆக நான் வச்ச உரம் செடிக்குப் போச்சோ இல்லையோ பேனுக்குப் போயிருக்கு.

மார்ச் 4
ராத்திரி பூரா யோசிச்சதுல வினை எங்க ஆரம்பிச்சதுன்னு புரிஞ்சுது. போன மாசம் அசுவினிக்குன்னு (இலைச் சாறு உறிஞ்சுற பொடிப் பூச்சி) பைரித்ராய்டுங்கிற பூச்சி மருந்து அடிச்சேன்ல, அதுல அசுவினியோட சேர்ந்து பேனைத் தின்னுக்கிட்டிருந்த ஜீவன்களும் காலி. பேனுக்கு எட்டு கால், அது பூச்சியே இல்ல, சிலந்தி வகை, பூச்சி மருந்துல பாதிக்கு மேல அதுகிட்ட வேலைக்காகாது. எதிரி எல்லாம் செத்து இது மட்டும் மிச்சம்.

மார்ச் 8
வெயில் 30 டிகிரிக்கு மேல. இந்தச் சூட்டுல முட்டை பேனாகி அது திரும்ப முட்டை வைக்க ஒரு வாரம் போதும். தண்ணியை வேகமா இலைக்கு அடியில பீச்சி விட்டேன். பத்து இலையில எண்ணினதுல இலைக்கு நாப்பதுக்குக் குறையாம இருக்கு, அதுக்கு மேல கண்ணு ஒத்துழைக்கல.

மார்ச் 11
காய்ச்சு ஓய்ஞ்ச அவரைக்கொடியைப் பிடுங்கப் போனேன், அதுவும் பேன் பிடிச்சு மஞ்சளாத்தான் கிடந்துச்சு. ஒரு இலையில கறுப்பா புள்ளி புள்ளியா இருக்க, ஏதோ புழு எச்சம்னு விரலால துடைக்கப் போனா ஒரு புள்ளி பறந்துருச்சு! லென்ஸ் வச்சுப் பார்த்தா வண்டு. ஒண்ணரை மில்லிமீட்டர் இருந்தா அதிகம், உடம்பு மினுமினுன்னு கறுப்பு, மேல பொடி ரோமம். பொறிவண்டு குடும்பந்தான், ஆனா சிவப்பும் கிடையாது பொறியும் கிடையாது. பேரு ஸ்டெத்தோரஸ். பேனும் பேன் முட்டையும்தான் இதுக்குச் சாப்பாடே, வளர்ந்த வண்டு ஒரு நாளைக்கு டஜன் கணக்குல முழுங்கும். கொடியைப் பிடுங்கல.

மார்ச் 12
வெயிலுக்கு முன்னாடியே போய் வண்டு இருந்த அவரை இலையைக் காம்போட நறுக்கி, கத்தரியில பேன் அதிகமா இருக்கிற இலைக்கு நடுவுல செருகி விட்டேன். தொட்டாலே காலைச் சுருட்டிக்கிட்டு கீழ விழுந்துருது, அதனால தட்டு ஏந்திக்கிட்டே நறுக்க வேண்டியிருந்துச்சு. தக்காளிக்கும் மூணு இலை.

மார்ச் 17
இன்னிக்குப் பார்த்ததை எழுதாம தூக்கம் வராது. வண்டோட குட்டிப்புழு, சாம்பல் நிறம், உடம்பெல்லாம் முள்ளு மாதிரி முடி, அசமந்தமா ஊர்ந்து போய் ஒரு பேனை வாயில கவ்விச்சு. பேன் காலை உதறுது, இது அசையாம உறிஞ்சுது. பேன் தட்டையாகிருச்சு, அப்புறம் லேசா உப்புது, திரும்பத் தட்டையாகுது. உறிஞ்சினதையே திரும்ப உள்ள விட்டு கரைச்சுக் கரைச்சு குடிக்குது போல. கடைசியில வெறும் தோலை விட்டுட்டு அடுத்ததுக்கு நகர்ந்துச்சு. லென்ஸ் பிடிச்ச கை மரத்துப் போச்சு.

மார்ச் 20
தக்காளியில ஒரு வண்டு கூட இல்ல. தக்காளித் தண்டைத் தொட்டா கையில பிசுக்குன்னு ஒட்டும்ல, அந்தச் சுரப்பி முடியில இத்தனூண்டு உடம்பால நடக்கவே முடியாது. யோசிக்காம செஞ்சுட்டேன். தக்காளிக்கு இனி தண்ணி பீச்சறதும் கெட்ட இலையைக் கிள்ளறதுந்தான்.

மார்ச் 24
அண்ணன் வந்து பார்த்துட்டு "பேன் இன்னும் இருக்கேடா, ஒரு மருந்தை அடிச்சு விட்டுர வேண்டியதுதானே"ன்னார். பேன் இருக்கிறதாலதான் வண்டு இருக்கு அண்ணே, ஒண்ணு விடாம துடைச்சா வண்டும் பறந்துரும்னேன். ஒரு பார்வை பார்த்தார் பாருங்க. உள்ளுக்குள்ள எனக்கும் பயந்தான், பேன் வாரத்துக்கு ஒரு தலைமுறை பெருகுது, வண்டுக்கு ரெண்டு மூணு வாரம் ஆகுது.

மார்ச் 29
பழுத்த கத்தரி இலையைக் கிள்ளிக் கூடையில போட்டுட்டு சும்மா ஒண்ணைத் திருப்பினா, அடியில கறுப்பா வண்டோட கூட்டுப்புழு ஒட்டிக்கிட்டிருக்கு. கூடை மொத்தத்தையும் கொண்டுபோய் செடி அடியிலயே கொட்டிட்டு வந்தேன்.

ஏப்ரல் 2
புது வண்டு வந்தாச்சு, ஒரே இலையில நாலு. அதே மாதிரி பத்து இலை எண்ணினேன், இலைக்கு ஆறேழு பேன்தான். பழைய இலை வெளிறினது வெளிறினதுதான், அது இனி பச்சையாகாது, குருத்து மட்டும் சுத்தமா வருது. கத்தரியில இப்ப அசுவினி தலைகாட்டுது. அந்த மருந்து பாட்டிலை எடுக்கல, தண்ணிக் குழாயோட போறேன், அதுவும் வண்டு இல்லாத கிளையாப் பார்த்து.