மதினியும் ஒரு போர்வையும்

நேற்று மதினியைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். பாம்பன் பக்கம் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர்; விரல் நுனியெல்லாம் பாறை கீறிய தழும்பு. கடலுக்கு அஞ்சாதவர், அந்தக் கட்டிலைப் பார்த்ததும் முந்தானையைக் கசக்க ஆரம்பித்துவிட்டார். கதவு சரியாகச் சாத்தவில்லை, திரையும் இல்லை. "காலை விரிம்மா, நேரமாச்சு" என்று ஓர் அதட்டல். எழுந்து வெளியே வந்துவிட்டார்.

அப்புறம் இன்னொரு நர்ஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கருவியைக் கையில் கொடுத்துக் காட்டினார். "அசிட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிஷம் கழிச்சுப் பார்ப்போம்க்கா. வெள்ளைத் திட்டு தெரிஞ்சா மேற்கொண்டு சோதிக்கணும், அவ்வளவுதான். அதுவே புற்றுநோய்னு அர்த்தமில்லை. வலிச்சா சொல்லுங்க, நிறுத்திடுறேன்." ஜன்னலில் ஒரு போர்வையைக் கட்டினார். சில நிமிடத்தில் முடிந்தது.

30 வயதுக்கு மேல் 5 வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்யச் சொல்கிறார்கள். பெண்கள் வருவதில்லை, விழிப்புணர்வு இல்லை என்றும் சொல்கிறார்கள். எனக்குக் கோபமாக வருகிறது. மதினி வந்தாரே! அவரைத் திருப்பி அனுப்பப் பார்த்தது அறியாமை இல்லை, அந்தத் திறந்த கதவு.

அடுத்த முறை, தன்னோடு பாசிக்குப் போகும் இரண்டு பேரையும் அழைத்து வருவாராம். அந்த நர்ஸ் இருக்கும் நாளாகப் பார்த்துச் சொல்லச் சொன்னார்.